இபி பில் தகராறு: வாடகை வீட்டுக் கேள்விகள் சில

கேள்வி: சென்னையில் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். கீழே ஓனர். இரண்டு வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு, எங்களுக்குச் சப் மீட்டர். யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இது சரியா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடும் இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 300 யூனிட், மொத்தம் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 300-க்கு 4.70, அடுத்த 100-க்கு 6.30, கடைசி 100-க்கு 8.40. ஆக 2,880 ரூபாய். உங்கள் 300 யூனிட்டுக்கு 10 ரூபாய் வீதம் நீங்கள் கொடுப்பது 3,000. அதாவது முழு வீட்டு பில்லையும் நீங்களே கட்டி, ஓனருக்கு 120 ரூபாய் மிச்சமும் தருகிறீர்கள்!

ஓனர் 'ஸ்லாப் ஏறிவிடுகிறது' என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான 2.35 ரூபாய் சலுகை போய்விடும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வரும் பில், 510-க்கு 2,124 ஆகிறது. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய். அந்த எரிச்சலில்தான் பலரும் ரவுண்டாக 10 ரூபாய் என்று வைத்துவிடுகிறார்கள். ஆனால் மின் வாரியத்துக்குக் கட்டுவதை யூனிட் கணக்கில் பங்கு போட்டு வாங்குவதுதான் முறை. அதில் லாபம் வைக்கக் கூடாது. அசல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன கணக்கில் உங்கள் பங்கு 1,440.

மாடிக்குத் தனிச் சமையலறையும் தனி வாசலும் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி ஓனரிடம் பேசுங்கள். தனித்தனியாக 300 யூனிட் ஓடினால் ஆளுக்கு 705 ரூபாய்தான். மிச்சம் அவருக்கும்தான், அதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள். செலவு அவருடையதாக இருப்பதே நியாயம். இணைப்பு அவர் வீட்டோடுதானே இருக்கப் போகிறது?

கேள்வி: பில் தகராறில் ஓனர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். போலீஸுக்குப் போகலாமா?

பதில்: மிரட்டல், அடிதடி என்றால் போகலாம். கரண்டைத் திரும்பப் பெற, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகை அதிகாரியிடம் (Rent Authority) போங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் 20-வது பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கிறது. விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வாடகை பாக்கி இருந்தாலும் ஃபியூஸைப் பிடுங்குவது அதற்கு வழி இல்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அதிகாரியிடம் பதிவும் ஆகியிருந்தால் வேலை சுலபம். வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இங்கேதான் திண்டாடுகிறார்கள். இன்னொன்று: கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்தேன். கடைசி இபி பில்லுக்கு என்று அட்வான்ஸில் 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். பில்லைக் காட்ட மறுக்கிறார்.

பதில்: பில்லை அவர் காட்ட வேண்டும் என்றே இல்லை. மின் இணைப்பு எண் தெரிந்தால் வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'பாக்கி' என்பது நீங்கள் உண்மையில் ஓட்டிய யூனிட்டுக்கான தொகை, குத்துமதிப்பு அல்ல.

ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் காலி செய்பவருக்கு பில் கையில் இருக்காது. சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். குடிபோகும் நாளிலும் இதையே செய்யுங்கள், முந்தைய ஆளின் பாக்கி உங்கள் தலையில் விழாது.

கேள்வி: நான் ஓனர். குடியிருந்தவர் பில் கட்டாமல் போய்விட்டார். வாரியம் என்னைக் கேட்கிறது.

பதில்: இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, கேட்கத்தான் செய்யும். முதலில் கட்டுங்கள், அப்புறம் அட்வான்ஸில் கழியுங்கள். அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்த பிறகு தேடினால் கஷ்டம்தான். இனிமேல் ஒவ்வொரு பில் தொகையையும் கட்டியாகிவிட்டதா என்று போனில் பாருங்கள்.

கேள்வி: மோட்டார், மாடிப்படி விளக்குக்கான காமன் பில்லை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிக்கிறார்கள். நான் ஒற்றை ஆள், எதிர் வீட்டில் ஆறு பேர்.

பதில்: காமன் மீட்டருக்கு இலவச 100 யூனிட் கிடையாது, அதனால் தொகை பெரிதாகத் தெரியும். விளக்கை வீட்டுக்கு வீடு, மோட்டாரைத் தலைக்கு என்று பிரிப்பது நல்ல வழி. ஆனால் சம பங்கு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், புதுப்பிக்கும்போதுதான் மாற்ற முடியும். சொத்து வரி, மதிப்பின் மேல் விதிக்கும் குடிநீர் வரி இரண்டும் ஓனர் கணக்கு, அவற்றை இதில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.