அதுவா, அவனா?

அன்புள்ள அண்ணா,

'இரண்டாவது கட்டில்' கதையைப் படித்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாகத் தங்கியிருக்கும் ஒருவன், அதே அறையில் முப்பது வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒரு கிளார்க்கின் பேய், இருவருக்கும் காதல். முதல் பாதியில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் எரிச்சலாக இருந்தது. சினிமாவில் எங்களைக் காட்டினாலே தியேட்டர் சிரிக்கிறது. நீங்களும் ஏன் சிரிக்க வைக்கிறீர்கள்? இரண்டு ஆண்களின் காதலை நேராக எழுதத் தயங்கித்தான் பேயைக் கொண்டுவந்தீர்களா? அந்த மின்வெட்டு இரவு இல்லாமலே காதல் புரிந்திருக்குமே? இன்னொன்று, பேய் பாதிக் கதைவரை 'அது' என்று வருகிறது, பிறகு 'அவன்' என்று வருகிறது. பிழையா?

நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன். இணைத்திருக்கிறேன். அதிலும் ஒரு முனி உண்டு. எடுத்துவிடலாமா என்று யோசனை. என் பெயர் போட வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிழையில்லை. அந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் கதையையே எழுதினேன்.

தமிழில் பேய் வந்தது, பேய் போனது. உயிரோடு இருந்தபோது எவ்வளவு லட்சணமான ஆளாக இருந்தாலும் சரி, செத்தபிறகு திரும்பி வந்தால் அஃறிணை. அப்படியென்றால் ஒரு பேயைக் காதலிக்கிறவன் எந்த வாக்கியத்தில் 'அவன்' என்று சொல்லத் தொடங்குவான்? இந்தக் கேள்வி ஒரு வருடம் என்னை விடவில்லை. கடைசியில் மேன்ஷன் மேனேஜர்தான் வழி காட்டினார். "ரெண்டு பேரு பேசுற சத்தம் கேக்குது, அந்தக் கட்டிலுக்கும் வாடகையக் குடு" என்று அவர் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவன் பதறிப்போய், "அவன் சும்மா வந்தவன் சார்" என்கிறான். வாய்தவறி வந்த 'அவன்'. அந்த வரிக்குப் பிறகு கதைசொல்லியும் 'அது' என்று சொல்வதில்லை. அவர்கள் இருவரும் 'உன்னைப் பிடித்திருக்கிறது' என்று எங்குமே சொல்லிக்கொள்வதில்லை, கவனித்தீர்களா? அந்த 'அவன்'தான் அது.

இதை எழுதும்போது தொல்காப்பியத்தைப் புரட்டினேன். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் நாலாவது நூற்பா. 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'யையும் 'தெய்வம் சுட்டிய பெயர்நிலைக் கிளவி'யையும் ஒன்றாகச் சேர்த்து, 'இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே' என்கிறது. இவர்களுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணையின் விகுதிகளையே வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே சொல்லப்படுவது பேடி, அதாவது ஆண்மை திரிந்து பெண்மை ஏற்றவர், நீங்களோ நானோ இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. இருந்தாலும் விகுதி கிடைக்காத மனிதரையும் தெய்வத்தையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த அந்த வாத்தியாரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, பேய் எதற்கு? தயக்கத்தால் இல்லை. நம்மைப் பற்றி வரும் கதைகளில் கடைசிப் பக்கத்தில் யாராவது ஒருவன் செத்தாக வேண்டும் என்று ஏதோ எழுதாத சட்டம் இருக்கிறது. தூக்கு, ரயில், கடல். பேய்க்கதையில் அந்தச் சாவு முதல் பக்கத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காதலிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஜப்பானில் உயேதா அகினாரி 1776இல் வெளியிட்ட ஒன்பது அமானுஷ்யக் கதைகளின் தொகுப்பில் ஒரு கதை. ஊர்விட்டு ஊர் வந்து காய்ச்சலில் விழுந்த ஒரு சாமுராயை ஏழை அறிஞன் ஒருவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறான். இருவரும் சகோதரர்களாக உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். 'சகோதரர்' என்று எழுதியிருந்தாலும் அதைக் காதலாகப் படித்தவர்கள் நிறைய, நானும் அப்படித்தான். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், சாமந்திப் பண்டிகையன்று திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுச் சாமுராய் சொந்த ஊர் போகிறான். அங்கே அடைத்துவைத்துவிடுகிறார்கள். ஆவியால் ஒரே நாளில் ஆயிரம் காதம் போக முடியும் என்று கேள்விப்பட்டிருப்பதால் உயிரை விட்டு, சொன்ன நாளில் சொன்ன வீட்டுக்கு வந்துவிடுகிறான். காத்திருந்தவன் ஆசையாய் மீனும் சாராயமும் எடுத்து வைக்கிறான். வந்தவன் அந்த வாடை தாங்காமல் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொள்கிறான். ஆள் பேய் என்பது அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் நமக்கு உறைக்கிறது. எனக்கு அந்தக் கை ஒன்று போதும்.

ஆனால் அகினாரி சிரிக்க மாட்டார். சிரிப்பும் வேண்டுமென்றால் ராஜஸ்தானத்துக்குப் போகவேண்டும். விஜய்தான் தேத்தாவைத் தமிழில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, ஆனால் ஷாருக் கான் பேயாக வரும் 'பஹேலி'யைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை அவருடையது. ஜோத்பூர் பக்கம் போருந்தா என்ற கிராமத்துக்காரர், ஊர்க்கதைகளைக் கேட்டுக் கேட்டு ராஜஸ்தானி மொழியில் பதினான்கு தொகுதிகளாகத் திருப்பி எழுதியவர். அவருடைய 'தோஹ்ரி ஜூன்' இரண்டு பெண்களின் கதை. நண்பர்களான இரண்டு சேட்டுகள், பிள்ளைகள் பிறக்கும் முன்பே சம்பந்தம் பேசிவிடுகிறார்கள். இரண்டும் பெண்ணாகப் பிறக்கிறது. வரதட்சணையை விட மனமில்லாத ஒரு சேட்டு, தன் பெண்ணைப் பையன் என்று சொல்லி வளர்த்துக் கல்யாணமும் செய்துவைக்கிறார். முதலிரவில் குட்டு உடைகிறது. உடைந்த பிறகு பீஜாவும் தீஜாவும் பிரிய மறுக்கிறார்கள் என்பதுதான் கதை. ஊர் துரத்துகிறது. பேய்கள் குடியிருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். பேய்களின் தலைவன் மனமிரங்கி மாளிகையே கட்டிக் கொடுக்கிறான்.

சுமாரான எழுத்தாளர் இங்கே சுபம் போட்டிருப்பார். தேத்தா அடுத்ததாக, பீஜாவைப் பேயிடம் ஆணுடம்பு கேட்க வைக்கிறார். கிடைக்கிறது. கூடவே ஆணின் அதிகாரமும் ஏறிக்கொள்கிறது, நேற்றுவரை தோழியாக இருந்தவள் புருஷனாகி அட்டகாசம் செய்கிறாள். திரும்பப் பெண்ணாக மாறினால்தான் இருவருக்கும் விடிவு. பேய் கொடுத்த வரம் சிக்கலைத் தீர்க்கவில்லை, பெரிதாக்கியது. கதையில் பேய்க்கு வேலை அதுதான் என்று நினைக்கிறேன். சிரிப்பு பணத்தாசை பிடித்த சேட்டின் மேல் விழுகிறது, அந்தப் பெண்களின் மேல் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை.

உங்கள் எரிச்சலுக்கு வருகிறேன், அது நியாயமானது. சினிமாவில் அந்த ஆள் நடந்து வந்தாலே சிரிப்பு, அவன் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டான். நான் எழுத முயன்றது படுக்கையில் இருவருக்குள் வரும் சிரிப்பை. 'வழுத்தினாள் தும்மினேன் ஆக' என்ற குறளை நினைத்துப் பாருங்கள். தும்மியதும் வாழ்த்துகிறாள், உடனே யாரை நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். என் கதையில் கிளார்க்குப் பேய் தும்மலுக்குச் சந்தேகப்படுவது அங்கே திருடியதுதான்.

மின்வெட்டு இரவை மட்டும் விட்டுத்தர மாட்டேன். இருவர் கைகோர்ப்பார்கள், அடுத்த வரியில் விடிந்துவிடும். இந்த மாதிரிக் கதைகள் என் மேஜையில் நிறையக் கிடக்கின்றன. அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருப்பது நாகரிகம் என்கிறார்கள். பல நேரம் அது பயம். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து நம்மை விடுவித்தபோது, "இனி உனக்குப் பேயெல்லாம் எதற்கு, நேராக எழுது" என்று ஒரு நண்பர் சொன்னார். தீர்ப்பு மேன்ஷன் மேனேஜருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றேன். அதோடு, உடம்பில்லாத ஒருவனை வைத்துக் காமம் எழுதுவது தொழில்முறையில் பெரிய சவால். அவனால் தொட முடியாது, குளிர மட்டும்தான் முடியும். மே மாதம், காற்றாடி நின்றுவிட்டது, பனியன் முதுகோடு ஒட்டியிருக்கிறது. பிடரியில் ஒரு குளிர் தொட்டு, நின்று, கேட்டுக் கேட்டு முதுகெலும்பு வழியே மெல்ல இறங்குகிறது. கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று சென்னையில் ஒருவன் வேண்டிக்கொள்கிறான் என்றால், அதற்குமேல் காதலை எப்படி எழுதுவது?

நீங்கள் கேட்காத ஒரு குறையை நானே சொல்கிறேன். விடிந்ததும் பேய் மறைந்துபோவதாக முடித்தது என் சோம்பேறித்தனம். சாவை முன்கூட்டியே முடித்துவிட்டேன் என்று மேலே பெருமை பேசினேன், கடைசிப் பத்தியில் இரண்டாவது தடவை கொன்றிருக்கிறேன். தொகுப்பில் சேர்க்கும்போது அவன் இருப்பான், வாடகை பாக்கியோடு.

இனி உங்கள் கதை. தோப்பில் இரண்டு பையன்கள் சந்திக்கும் பகுதி அருமை. இருவரும் காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறவர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், எனக்கு இரண்டு பக்கம் குழப்பமாக இருந்தது. முனி இப்போது செய்வது சித்தப்பாவைப் பயமுறுத்தி விரட்டுவது மட்டும்தான். அந்த வேலையை ஒரு நாய்கூடச் செய்யும். எடுத்துவிட வேண்டாம், அதற்கும் ஏதாவது வேண்டியிருக்கட்டும். பையன்கள் அதை 'முனி வந்துச்சு' என்கிறார்கள், சித்தப்பா மட்டும் 'அவர்' என்கிறார். தெரிந்து எழுதினீர்களோ தெரியாமல் எழுதினீர்களோ, உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது. அவருக்கு அந்தப் புளியமரத்தடியில் பழைய கணக்கு ஏதோ உண்டு. மூன்றாம் பக்கத்தில் அவர் முனியிடம் பீடிக்கு நெருப்புக் கேட்கும் இடத்தில் கை வைக்காதீர்கள்.

திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.