பொறிக்குள் வெயில் ஏறுவதற்குள்

கேள்வி: முதுகலை விலங்கியல் ஆய்வுக்காக வறண்ட பாறைக் குன்றுகளில் காட்டெலிகளை உயிரோடு பிடித்து, அடையாளமிட்டு விட வேண்டும். பொறியிலேயே செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதில் கவனம் வேண்டும்?

பதில்: அந்தப் பயம் இருக்கட்டும் அம்மா, எலிகளுக்கு நல்லது. இரையைப் பற்றிக் கேட்காமல் சாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. இரைக்கு ஓட்ஸும் வேர்க்கடலை விழுதும் போதும்.

எலிகளை உயிரோடு பிடிக்க வழக்கமாக வைக்கும் ஷெர்மன் பொறி என்பது மடக்கக்கூடிய அலுமினியப் பெட்டி. இரவில் குளிரும், காலை வெயில் பட்டதும் கொதிக்கும். எனவே அந்தியில் திறந்து, விடியும்போதே பார்த்து, பகலில் மூடிவிடுங்கள். காலைச் சாப்பாடு அப்புறம்தான்! உள்ளே ஒரு பிடி பஞ்சு வையுங்கள். புதரின் மேற்குப் பக்கமோ பாறை இடுக்கோ பார்த்து வைத்தால் காலை வெயில் நேராக விழாது. எறும்புப் புற்றருகே வைக்கவே கூடாது. அடைபட்ட எலியை எறும்புகள் தின்றுவிடும்.

வாசல் விளிம்பு தரையோடு படிந்திருக்க வேண்டும். எலி மிதித்ததும் கதவை மூடவைக்கும் மிதிதகட்டை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். அதற்கே கதவு மூடிக்கொள்ளவில்லை என்றால் பத்து கிராம் சுண்டெலி இரையைத் தின்றுவிட்டுச் சாவகாசமாக வெளியே போய்விடும். நிலா வெளிச்சத்தில் பல இனங்கள் திறந்தவெளிக்கு வரத் தயங்கும். பௌர்ணமியன்று பொறிகள் காலியாக இருந்தால் எலியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எடுக்கும்போது துணிப்பையை வாசலில் கவிழ்த்து, எலியைப் பைக்குள் இறக்கி, பிடரித் தோலைப் பிடியுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். சில இனங்களில் தோல் அப்படியே உரிந்து கையோடு வரும். கையுறை கட்டாயம். பொறியிலுள்ள காய்ந்த எச்சத்தை உதறவோ பெருக்கவோ வேண்டாம், கிருமிநாசினியில் நனைத்துக் கழுவுங்கள். 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் பலரைக் கொன்ற ஹான்டா வைரஸ், மான் எலி (deer mouse) என்ற அந்நாட்டுக் காட்டெலிகளின் எச்சத்திலிருந்துதான் பரவியது.

அங்கே மொத்தம் எத்தனை எலிகள் என்ற கணக்கு எளிது. முதல் இரவு 30 எலிகளை அடையாளமிட்டு விடுகிறீர்கள். அடுத்த இரவு சிக்கிய 40இல் 12 அடையாளமிட்டவை என்றால், மொத்தம் 30 × 40 ÷ 12, சுமார் 100 எலிகள். ஒருமுறை சிக்கியவை பொறிக்கு அஞ்சி ஒதுங்கினால் இந்தக் கணக்கு எகிறிவிடும். இரைக்கு ருசிகண்டு திரும்பத் திரும்ப வந்தால் சுருங்கிவிடும். இரண்டும் நடக்கும். அதனால் ஒரே ஜோடி இரவுகளை நம்பாமல் தொடர்ந்து சில இரவுகள் பொறி வையுங்கள். வனத்துறை அனுமதியும் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும் கைக்கு வந்தபிறகு பொறி வாங்கினால் போதும்.