டர்பனில் புதிதாக நாலு பேரைப் பழக்கம் பிடிப்பது எப்படி? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, சனி ஞாயிறு ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருக்கிறவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலும் ஒரே கேள்விதான், ஆள்தான் வேறு.

கேள்வி: அக்கா, டர்பனை ஒட்டியுள்ள உம்லாங்காவில் ஐடி வேலை. ஆபீஸில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஐந்து மணியானால் அவரவர் காம்ப்ளெக்ஸுக்குள் போய்விடுகிறார்கள். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், ஒருத்தரும் வரவில்லை.

பதில்: "ஒருநாள்" எந்தக் காலண்டரிலும் கிடையாது தம்பி. "வருகிற சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை, டீயும் வடையும், இன்னும் நாலு பேர் வருகிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முடிகிற நேரத்தையும் சொல்வது நமக்கு விருந்தாளியை விரட்டுகிற மாதிரி இருக்கும், ஆனால் உங்களைச் சரியாகத் தெரியாதவர் அதை வைத்துத்தான் துணிந்து வருவார். மூன்று மணி என்றது சும்மா இல்லை. ஜூன், ஜூலையில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், இருட்டியபின் பழகாத ஏரியாவில் வண்டி ஓட்ட நிறையப் பேருக்கு மனசு வராது, தனியாக வருகிற பெண்களைக் கேட்கவே வேண்டாம். கேட்டில் போடவேண்டிய விசிட்டர் கோடு நம்பர், வண்டி நிறுத்துமிடம் இரண்டையும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். செக்யூரிட்டியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு உள்ளே வருகிறவர் என்ன முகத்தோடு வருவார்?

கேள்வி: நான் ஒரு தடவை பிரியாணி, வறுவல், பாயசம் எல்லாம் போட்டேன். இரண்டு நாள் முதுகுவலி. அதோடு விட்டுவிட்டேன்.

பதில்: விட்டதுதான் பிரச்சினை, பிரியாணி இல்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல் சேர்ந்து கழிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார். அமெரிக்காவில் எடுத்த கணக்கு, அப்படியே நமக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. ஆனால் பெரிய விருந்து ஒன்று வைத்தால் கிடைப்பது நாலு மணி நேரம், அதிலும் பாதி நேரம் நீங்கள் அடுப்படியில். அதனால் மாதாமாதம் முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறேழு பேர் போதும். கடையில் வாங்கிய சமோசாவைப் பொரித்துவையுங்கள், டீ போடுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்டால் தயவுசெய்து "ஒன்றும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐஸ், ஜூஸ், கேக் என்று ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கை நிறைய வந்தவருக்கு அடுத்த தடவை வரக் கூச்சம் இருக்காது.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். பக்கத்து வீட்டில இருக்கிறவை இங்கத்தைய தமிழ் ஆக்கள், ஆனா தமிழ் கதைக்கமாட்டினம். எப்பிடிப் பழகுறது?

பதில்: 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் அவர்கள். பேச்சு ஆங்கிலமாகிவிட்டது, ஆடிக் கூழும் காவடியும் போகவில்லை. வந்து உட்கார்ந்ததும் "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. அதைவிட மோசம், கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்று பெயரைக் கேட்டவுடன் சாதி ஆராய்ச்சியில் இறங்குவது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்துவிட்டு, ஏன் அவர்கள் அப்புறம் பேசுவதில்லை என்று என்னிடமே கேட்கிறார்கள்! பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுங்கள். கோவிலில் கூழ் ஊற்றும் நாளில் கூப்பிட்டால் போய் ஓரமாக நிற்காமல் ஒரு கை வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்திருக்கும்போது தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் ஒரு மூலையில் கூடித் தமிழில் சிரிக்கவேண்டாம், சரியா?

கேள்வி: செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், லீவு. நெருப்பில் கறி சுடுகிற பிராய் விருந்து போட்டு எல்லோரையும் கூப்பிடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அந்தத் தேதி எப்போதும் புரட்டாசியில்தான் வரும், இங்கேயுள்ள தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர் அந்த மாதம் முழுக்கக் கறி தொடமாட்டார்கள். ஊர் முழுக்கப் புகை கிளம்புகிற நாளில் அவர்கள் தட்டில் வெறும் சாலட் இருந்தால் நன்றாகவா இருக்கும்? சைவத்துக்குத் தனி வலை, தனி இடுக்கி வையுங்கள், அதையே முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். சீஸ், தக்காளி, வெங்காயம், சட்னி வைத்து ரொட்டியைச் சுடுகிற பிராய்புரூக்கி, சோளம், உருளைக்கிழங்கு போதும். முஸ்லிம் நண்பர்கள் வருவதென்றால் கறி மொத்தத்தையும் ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள், டர்பனில் அதற்குப் பஞ்சமில்லை. பூர்வோர்ஸ் என்கிற சாசேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது, எல்லோரும் சாப்பிடுவார்கள் என்று நினைத்து வாங்காதீர்கள். நீங்கள் ஒரு பிராய்க்கு விருந்தாளியாகப் போனால் வீட்டுக்காரர் கையிலுள்ள இடுக்கியைத் தொடவேண்டாம், நெருப்பு அவருடைய ராஜ்யம். போன உடனே சாப்பாடு வராது, ஆள் வந்த பிறகுதான் சில வீடுகளில் நெருப்பையே மூட்டுவார்கள், அதனால் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டே போங்கள்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம், இருப்பதும் ஒற்றை அறை.

பதில்: அப்படியானால் வீட்டை விடுங்கள். சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் பார்க்ரன் நடக்கிறது, 5 கிலோமீட்டர், காசு கிடையாது, ஓடவேண்டும் என்றுகூட இல்லை, நடக்கலாம். வாலன்டியராகப் பெயர் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, என்ன பேசுவது என்று தவிக்காமல் கையில் ஒரு வேலை இருக்கும். மூன்று வாரம் அதே முகங்களைப் பார்த்தபின் "காபி குடிக்கலாமா?" என்று கேளுங்கள், அதுவும் விருந்து கொடுப்பதுதான்.

கேள்வி: ஒருத்தர் இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. இனியும் கூப்பிடவேண்டுமா?

பதில்: இன்னும் ஒரு தடவை கூப்பிடுங்கள், குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அதற்கும் வராவிட்டால் சரி, விட்டுவிடுங்கள், குரூப்பில் மட்டும் அதைப் பற்றி எழுதாதீர்கள்.