வாசகர் கேள்வி: முகத்தை யார் பார்ப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி வாக்குச்சாவடியில் எனக்குத் தேர்தல் பணி. புர்கா அணிந்த பெண்களிடம் வரிசையிலேயே "முகத்தைக் காட்டச் சொல்லுங்க" என்று ஏஜென்டுகள் சத்தம் போடுகிறார்கள். என்ன செய்வது?
- ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பதில்: நம் நாட்டில் முகத்திரைக்குப் பொதுவான தடைச் சட்டம் கிடையாது. ஆனால் வாக்காளரை அடையாளம் பார்த்தே ஆக வேண்டும். கோஷாப் பெண்களின், அதாவது முகத்திரை அணியும் பெண்களின் படம் வாக்காளர் பட்டியலில் கூடாது என்று கேட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் தள்ளுபடி செய்துவிட்டது. முகத்தைப் பெண் அலுவலர் பார்க்கட்டும். வரிசையில் நிற்கிற ஊரே பார்க்க வேண்டியதில்லை.

கோஷாப் பெண்கள் கணிசமாக உள்ள சாவடியில் தனி மறைப்பு வைத்து, பெண் அலுவலரே முகம் பார்த்து மை வைக்கவேண்டும் என்பது தேர்தல் ஆணைய வழிகாட்டுதல். கட்டிலும் துணியும் போதும் என்று அதிலேயே இருக்கிறது. பள்ளியில் இரண்டு பெஞ்சும் ஒரு பழைய சேலையும் எதேஷ்டம். மறைப்பு, பட்டியலில் பெயர் பார்க்கும் முதல் மேசையை ஒட்டியே இருக்கட்டும். தள்ளிப் போட்டால் பட்டியலில் உள்ள படத்தைப் பார்க்க அங்கும் இங்கும் நடக்கவேண்டி வரும், வரிசை தேங்கும். ஓட்டுப் போடும் மறைவிடத்தையே இதற்கும் பயன்படுத்திவிடாதீர்கள். ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

குழுவில் பெண் இல்லையென்றால், உதவிக்கு ஒரு பெண்ணை நியமிக்கத் தலைமை அலுவலருக்கு 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 34-வது விதியில் அதிகாரம் உண்டு. அதைக் காலையிலேயே செய்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தபின் ஆள் தேடுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து.

"இப்படி வாங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று சொன்னால் போதும். திரையை அவரே விலக்கட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

ஏஜென்டுக்குச் சந்தேகம் தீரவில்லையா? கத்த வேண்டாம், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கட்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகாவிட்டால் அந்த அம்மா ஓட்டுப் போடலாம். வீண் ஆட்சேபம் என்று தெரிந்தால் பணம் பறிபோகும். பணம் கேட்டதுமே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் பிரான்ஸ் போகிறார்கள். மருமகள் நிகாப் (கண் மட்டும் தெரியும் முகத்திரை) அணிபவர். போலீஸ் பிடிக்குமா?
- வாசகர், தருமபுரி

பதில்: 2011 ஏப்ரல் 11 முதல் அங்கே பொது இடத்தில் முகத்தை மறைப்பது குற்றம். அபராதம் 150 யூரோ வரை. தலைமுக்காடு போட்டுத் தெருவில் போகத் தடையில்லை. போலீஸ் திரையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடையாளத்துக்கு முகம் காட்டச் சொல்வார்கள். மறுத்தால் சரிபார்க்க ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகலாம், அதிகபட்சம் 4 மணி நேரம். வாக்குவாதம் செய்யாமல் பாஸ்போர்ட்டை நீட்டச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்துக்கும் போவதாக இருந்தால், அங்கே 2025 ஜனவரி முதல் தடை. அபராதம் 1,000 பிராங்க் வரை போகும்.