ஊறுகாய் செய்முறைக்குப் பேட்டன்ட் வாங்க வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியார் சொல்லிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயும் காய்கறி ஊறுகாயும் வீட்டில் போட்டு, கோயில் விழாக்களிலும் அங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டிலும் 400 கிராம் பாட்டில் 45 ராண்டுக்கு விற்கிறார். நல்ல விற்பனை. சனிக்கிழமை கடைக்கு வந்த ஓர் ஏஜென்ட், “இந்தச் செய்முறையை யாராவது திருடுவதற்கு முன்னால் பேட்டன்ட் வாங்கிவிடுங்கள். கம்பெனி பதிவு, பார்கோடு எல்லாம் சேர்த்து 18,000 ராண்ட்” என்று சொல்லி, 3,000 முன்பணமும் வாங்கிப் போய்விட்டார். கொழுந்தன், மாங்காய் வெட்ட ஒரு கருவி செய்திருக்கிறார். ஒரு சூப்பர்மார்க்கெட் ஆளும் தன் கார்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “மீதி 15,000 கட்டட்டுமா? அடுத்து என்ன செய்வது?” என்பது கேள்வி.

கட்டாதீர்கள் அம்மா. கொடுத்த 3,000-ஐயும் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் அவரைத் தேடிப் போகவில்லை; அவர்தான் உங்களைத் தேடி வந்து விற்றிருக்கிறார். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 16-ஆம் பிரிவு, இப்படி வந்து விற்றவர்களிடம் செய்த ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய உரிமை கொடுக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது. தேதி போட்டு, “16-ஆம் பிரிவின்படி ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்” என்று ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் அனுப்பி, இரண்டையும் பத்திரமாக வையுங்கள். அவர் 15 வேலை நாட்களுக்குள் பணத்தைத் தந்தாக வேண்டும். நாள் கடந்துவிடக் கூடாது என்பதால் இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். வேறு யாருக்காவது உதவும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

இப்போது பேட்டன்ட். காப்புரிமை கிடைக்க வேண்டுமென்றால் அந்தப் பொருள் உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும். அதோடு, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருக்க வேண்டும். மாங்காய், கடுகு, வெந்தயம், மிளகாய்த்தூள், எண்ணெய் என்று 1860-இல் நம்மவர்கள் டர்பனில் வந்து இறங்கிய நாளுக்கும் முன்னாலிருந்து போட்டுவரும் ஊறுகாயில், வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. உங்கள் கைப்பக்குவம் தனிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கைப்பக்குவத்துக்குச் சட்டத்தில் பேட்டன்ட் கிடையாது. தவிர, பேட்டன்ட் விண்ணப்பத்தில் செய்முறையை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும்; பிறகு அது எல்லோரும் படிக்கும்படி வெளியாகிவிடும். திருட்டுக்குப் பயந்து கதவைத் திறந்து வைக்கிற வேலை இது.

“ஆனால் அந்த ஏஜென்ட் வேறு ஒருவருக்கு வாங்கிக் கொடுத்த சான்றிதழைக் காட்டினாரே” என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டியிருப்பார், அது உண்மையான சான்றிதழாகவும் இருக்கலாம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். நம் நாட்டில் காப்புரிமை அலுவலகம் அது கண்டுபிடிப்புதானா என்று ஆராய்வதே இல்லை. படிவம் சரியா, கட்டணம் கட்டியாயிற்றா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். 2021 ஜூலையில், டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலையே கண்டுபிடிப்பாளராகக் காட்டிய ஒரு விண்ணப்பத்துக்கு உலகத்திலேயே முதலில் பேட்டன்ட் கொடுத்த நாடு நம்முடையது. பிரிட்டனும் அமெரிக்காவும் முடியாது என்று சொன்ன அதே விண்ணப்பம். (அதுவும் ஓர் உணவு டப்பாவுக்கு!) முறையாக ஆராய்ந்து கொடுக்கும் ஏற்பாடு வரும் என்று 2018-இல் அமைச்சரவை ஏற்ற கொள்கையிலேயே இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள், சான்றிதழ் விற்பவர்கள் இப்படி மார்க்கெட் மார்க்கெட்டாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் எதிர்த்தால் ஒரு நாளில் செல்லாமல் போகிற காகிதத்துக்குச் சாதாரண குடும்பங்கள் பணம் அழுகின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கு, அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: கொழுந்தன் செய்த கருவி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடியை அழுத்தினால் கொட்டையோடு சேர்த்து மாங்காயை வெட்டும் கருவி இந்தியாவில் எத்தனையோ காலமாகக் கடையில் கிடைக்கிறது. ஆகவே அந்த அளவுக்குப் பேட்டன்ட் கிடையாது. ஆனால் வெட்டும்போதே உள்ளே இருக்கும் பருப்பைத் தனியாகத் தள்ளிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதி நிஜமாகவே புதிதாக இருந்தால், பேட்டன்ட் கேட்கத் தகுதி உண்டு. ஆனால் ஊரறிய அதைக் காட்டியிருக்கக் கூடாது. கோயில் மடப்பள்ளியில் பத்துப் பேர் பார்க்க ஓட்டிக் காட்டினாலோ, வீடியோ எடுத்துப் போட்டாலோ, புதுமை அன்றோடு போயிற்று. ஆகவே முதலில் தற்காலிக விண்ணப்பம் போட வேண்டும். அரசுக் கட்டணம் 60 ராண்ட்தான், நீங்களே போடலாம். ஆனால் என்ன எழுதுகிறீர்களோ அதுதான் பின்னால் உங்களுக்குப் பாதுகாப்பு. “மாங்காய் வெட்டும் இயந்திரம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்தால் பயனில்லை. பருப்பு எப்படி வெளியே வருகிறது, எந்தத் தகடு எதன் மேல் நகர்கிறது, ஸ்பிரிங் எங்கே, அதற்குப் பதில் வேறு எதை வைக்கலாம் என்று படத்தோடு எழுத வேண்டும். அதைப் போட்ட நாளிலிருந்து 12 மாதம் கையில் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் கருவி விற்குமா என்று பார்த்துவிட்டு, விற்கும் என்றால் பேட்டன்ட் வக்கீலிடம் போய் முழு விண்ணப்பம் போடுங்கள். முழு விண்ணப்பம் வக்கீல் மூலம்தான் போக வேண்டும், செலவும் அங்கேதான் இருக்கிறது. விற்காது என்று தெரிந்தால் 60 ராண்டோடு போகட்டும்.

ஏற்கெனவே வெளியே காட்டிவிட்டார் என்றால்? அப்போதும் ஒரு வழி இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில், ஒரு பொருள் வேலை செய்வதற்குத் தேவையான உருவத்தைப் பதிவு செய்யலாம். வெளியே விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் போதும். பாதுகாப்பு 10 வருடம். பேட்டன்ட்டின் 20 வருடத்தைவிடக் குறைவு, அதுவும் உருவத்துக்கு மட்டும்தான். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். எதுவாக இருந்தாலும் அந்தக் கருவியை ஏஜென்ட் கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

சரி, ஊறுகாய்க்கு வருவோம். செய்முறையைக் காக்கும் வழி, அதை யாருக்கும் சொல்லாமல் இருப்பது. மசாலாவை நீங்களே வறுத்து அரைத்து, கலந்த பொடியாகவே உதவியாளர் கையில் கொடுங்கள். காகிதத்தில் பதிவு செய்ய வேண்டியது பெயரைத்தான். கம்பெனிகளையும் அறிவுசார் சொத்துகளையும் பதிவு செய்யும் அரசு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் ட்ரேட் மார்க் விண்ணப்பம் ஒரு பொருள் வகுப்புக்கு 590 ராண்ட். 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. சட்னியும் மசாலாவும் 30-ஆம் வகுப்பு. இப்போதைக்கு 29 போதும். வெறும் “டர்பன் மாங்காய் ஊறுகாய்” என்று பெயர் வைத்தால் பதிவாகாது. எல்லோருக்கும் பொதுவான சொற்களை ஒருவருக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பதிவு முடியும் முன்னால் வட்டத்துக்குள் ஆர் போட்டு லேபிள் அடிக்காதீர்கள், அது குற்றம்.

கம்பெனிப் பதிவுக்கு ஏஜென்ட் எவ்வளவு போட்டார் என்று நீங்கள் சொல்லவில்லை. சி.ஐ.பி.சி.யின் இணையதளமான பிஸ்போர்ட்டலில் நீங்களே பதிவு செய்தால் 125 ராண்ட், பெயரோடு 175. கம்பெனி இல்லாமல் உங்கள் பெயரிலேயே இன்னும் ஒரு வருடம் நடத்தினாலும் தப்பில்லை. பார்கோடு, சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முதலில் ஃபைல் திறக்கப் பணம் கொடு என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சிறுதொழில்களுக்கு உதவும் அரசு அமைப்புகளான செடாவும் செஃபாவும் 2024 அக்டோபரில் ஒன்றாகிவிட்டன. அங்கே நேராகப் போய் விண்ணப்பிக்கலாம். வீட்டில் 18 முதல் 35 வயதுக்குள் யாராவது தொழிலில் பங்காளியாக இருந்தால் அரசின் தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஆள் வேண்டாம்.

அந்த 18,000 ராண்ட் பட்டியலில் இல்லாத ஒரு காகிதம்தான் உங்களுக்கு நிஜமாகவே அவசியம். சி.ஓ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் உணவுக்கூடத் தகுதிச் சான்றிதழ். 2018 ஜூன் 22 அன்று வந்த ஆர்638 விதிப்படி, விற்பதற்காக உணவு தயாரிக்கும் எவருக்கும் இது வேண்டும், வீட்டுச் சமையலறையாக இருந்தாலும். எத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துக் கொடுப்பார். கை கழுவத் தனித் தொட்டி, கழுவித் துடைக்கக்கூடிய சுவர், பூச்சி எலி வராத ஏற்பாடு, நாய் பூனை உள்ளே வராதது, பொறுப்பாளருக்கு உணவுச் சுத்தப் பயிற்சி, இவையெல்லாம் பார்ப்பார். சான்றிதழ் அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும்தான். அக்கா வீட்டு கராஜுக்கு மாற்றினால் புதிதாக வாங்க வேண்டும். யாராவது தன் சான்றிதழின் கீழ் உங்களைச் செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஆய்வாளர் எப்போது வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள். 2024-இல் ஸ்பாசா என்னும் தெருச் சிறுகடைகளின் தின்பண்டங்கள் தொடர்பாகக் குழந்தைகள் இறந்தார்கள். நவம்பர் 15 அன்று அதிபர், ஸ்பாசா கடைகளும் உணவைக் கையாளும் இடங்களும் எல்லாம் 21 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்றார். ஊரே ஒரே நேரத்தில் ஒரே ஜன்னலில் போய் நின்றது. கெடு விதிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆய்வாளர்களைக் கூடுதலாக நியமிக்கத் தெரியவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்ய நினைக்கும் பெண்கள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். விண்ணப்பம் பெற்றதற்கு முத்திரை வாங்கி வையுங்கள், ஒவ்வொரு வாரமும் எழுத்தில் கேளுங்கள்.

காத்திருக்கும் நாளில் ஒரு வேலை: ஊறுகாயை உணவு ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அமிலத்தன்மை பாருங்கள். பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். மாங்காயில் பெரும்பாலும் பிரச்சினை வராது. எனக்குக் கவலை உங்கள் காய்கறி ஊறுகாய். காரட், பீன்ஸ், பூண்டு எல்லாம் புளிப்பில்லாத காய்கள். வினிகர் குறைந்து, மேலே எண்ணெய் நின்று காற்றுப் போகாமல் மூடிவிட்டால், உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி அதற்குள் வளரும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. யாருக்காவது உடம்புக்கு வந்தால், கவனக்குறைவை நிரூபிக்காமலே தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் 61-ஆம் பிரிவும் அதே நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுங்கள். பெயர், முகவரி, பேட்ச் எண், தேதி வேண்டும். “ஆரோக்கியமான” என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள், 2010-ஆம் ஆண்டின் ஆர்146 அதைத் தடுக்கிறது.

இனி அந்த சூப்பர்மார்க்கெட் கார்டு. அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. பாட்டிலுக்கு மாங்காய், எண்ணெய், மசாலா 17 ராண்ட். பாட்டில், மூடி, லேபிள் 8. ஆக 25, இருபது லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸ், மின்சாரத்துக்கு 2 போடுங்கள். நீங்களும் மகளும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 40 பாட்டில் என்கிறீர்கள். அது எட்டு மணி நேர வேலை. 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், அந்தக் கணக்கில் பாட்டிலுக்கு 5.76. கடை வாடகை, பெட்ரோல் 3, உடைந்ததும் கெட்டதும் 1 என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 36.76. கையில் நிற்பது எட்டு ராண்ட் சொச்சம்.

இதே 45 ராண்டுக்குக் கடை விற்று, தன் பங்காக 30 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு வருவது 31.50. ஒவ்வொரு பாட்டிலிலும் 5 ராண்டுக்கு மேல் நஷ்டம். அதிகம் விற்றால் அதிக நஷ்டம். அதற்கு மேல் பணம் எப்போது வரும்? 30 நாளா, 90 நாளா? விற்காததைத் திருப்பிவிடுவார்களா? தள்ளுபடி வாரத்தில் குறைக்கும் விலையை யார் தாங்குவது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு பெட்டியும் அனுப்பாதீர்கள்.

உங்களுக்கு 90 நாள் என்பது சாதாரண விஷயம் இல்லை. பச்சை மாங்காய் வரும் சில வாரங்களில்தான் வருடத்துக்கு வேண்டியதை வாங்கி உப்பில் போட வேண்டும். அந்தச் சமயத்தில் கையில் ரொக்கம் இல்லாமல் கடைக்காரரின் பாக்கியை எதிர்பார்த்து உட்கார்ந்தால், மாங்காயும் போய்விடும், ஒரு வருட வியாபாரமும் போய்விடும். ஆகவே இந்தப் பருவத்துக்கு மார்க்கெட்டிலேயே 52 ராண்டுக்கு விற்றுப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் குறையவில்லை என்றால், ரொக்கம் கொடுத்து எடுக்கும் மசாலாக் கடைகள் இரண்டு மூன்றுக்கு 42-க்குக் கொடுங்கள். சூப்பர்மார்க்கெட்காரரிடம் சி.ஓ.ஏ. கைக்கு வந்த பிறகு பேசலாம். அவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.