தலைக் காயத்துக்குப் பிறகு என் கணவரின் குணமே மாறிவிட்டது. உறவினர்கள் 'நடிக்கிறார்' என்கிறார்கள். என்ன செய்வது?

நடிப்பே இல்லை. ராயபுரத்தில் எங்கள் அண்ணனும் இந்தப் பேச்சைக் கேட்டவர்தான். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போய் விழுந்தார். முடி வளர்ந்து தழும்பை மூடியதும், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், வேலைக்குப் போனால் என்ன?" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது.

வேகமாக மோதும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் காதோரப் பொட்டுப் பக்கமும் அதிகம் அடிபடும். ஒரு காரியத்தைத் தொடங்குவதும், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவதும் அந்த முன்பகுதியின் பொறுப்பு. குளிக்கச் சொன்னால் துண்டோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா? அது சோம்பல் இல்லை. சாயங்காலமானால் எரிந்து விழுவதற்கு மூளைச் சோர்வும் ஒரு காரணம். நுண்ணிய நரம்பிழைகள் அறுந்தது சி.டி. ஸ்கேனில் தெரியாமலே போகலாம். எனவே "ஸ்கேன் நார்மல்தானே" என்று வாதாடுபவர்களிடம் மசியாதீர்கள். தன் குறையே தனக்குத் தெரியாமல் போவதும் காயத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். அவரை ஒப்புக்கொள்ள வைக்க மல்லுக்கு நிற்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு இதைப் புரியவைத்தது கேரம் போர்டு. வடசென்னையில் அதற்கா பஞ்சம்? மன்றத்தில் அண்ணன் போய் உட்கார்ந்தார். பவுடரைத் தட்டி, ஸ்ட்ரைக்கரை நிறுத்தி, எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பவிட்டு, தன் பக்கம் கிடந்த காயைக் குழிக்குள் தள்ளினார். அடுத்த நிமிடமே, "நான் கறுப்பா, வெள்ளையா?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. கைப்பழக்கத்தின் நினைவு மூளையில் ஓரிடம், சற்றுமுன் நடந்ததன் நினைவு வேறிடம். ஒன்று கெட்டாலும் மற்றது தப்பிக்கலாம். இப்போது அவர் உட்காரும் பக்கம் சட்டத்தில் சாக்பீஸால் 'கறுப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஆடும்போது பாட்டுப்பெட்டியை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் இரைச்சல் அவருக்கு ஆகாது.

அக்கம்பக்கத்தாரிடம் பொதுவாக "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். யார் கடன் கேட்டாலும் அண்ணன் சட்டைப்பையைக் காலி செய்துவிடுவார். கல்மண்டபம் டீக்கடைக்காரரிடம் நான் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். "அவர் தம்பியிடம் கேள்" என்று இன்றும் குறுக்கே விழுந்து தடுக்கிறார்.

அரசு உதவியையும் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக் காயம் என்று தனியாக ஒன்று இல்லை. நடை, பேச்சு, மனநிலை என்று எது பாதிக்கப்பட்டிருக்கிறதோ அதை வைத்துத்தான் சான்றிதழ். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் நடப்பதை எழுதிக்கொண்டு போங்கள்; பத்து நிமிடம் அவர் முன்னால் உங்கள் கணவர் தெளிவாகவே பேசிவிடுவார். கை கால் பலவீனம் இருந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. குடி கூடவே கூடாது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பைக் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.