கேள்வி - பதில்: பிளாக்செயின் காவல் பாட் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு வரும், சாலிடிட்டி (செயினில் தானாக ஓடும் நிரலான கான்ட்ராக்டை எழுதும் மொழி) வராது. பிளாக்செயினில் நடப்பதைக் கண்காணித்து அலர்ட் தரும் ஃபோர்டா மாதிரியான நெட்வொர்க்குக்கு பாட் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதும் போட்டியில் நான் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். இந்த பாட் பிளாக்செயினில் எதையும் எழுதுவதில்லை, படிப்பது மட்டும்தான் அதன் வேலை. ஓப்பன்செப்பலின் என்ற பாதுகாப்பு நிறுவனத்தில் உருவாகி 2021-இல் வெளிவந்த ஃபோர்டாவில், ஒவ்வொரு பிளாக்கும் அதிலுள்ள ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் உங்கள் கோடிடம் வந்து சேரும். சந்தேகப்பட ஏதாவது இருந்தால் ஒரு ‘ஃபைண்டிங்’ திருப்பித் தர வேண்டும். பெயர், விளக்கம், அலர்ட் ஐடி, எவ்வளவு தீவிரம், என்ன வகை என்பவை அதில் இருக்கும். இல்லையென்றால் காலிப் பட்டியல் போதும். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். கணினியில் நோட்.ஜேஎஸ், டாக்கர் இரண்டும் வேண்டும்.

எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக். ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் வெளியே பத்து ஆர்பிசி அழைப்பு (செயின் நோடிடம் தகவல் கேட்பது) போட்டால் பாட் பின்தங்கிக்கொண்டே போகும். முதலில் லாகை (கான்ட்ராக்ட் விட்டுச்செல்லும் ‘ஈவென்ட்’ குறிப்புகளை) பார்த்து வடிகட்டுங்கள், தேறியதற்கு மட்டும் அழைப்பு போடுங்கள்.

சாலிடிட்டியை எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கத் தெரிந்தாக வேண்டும். என்னென்ன ஈவென்ட் வருகிறது, எந்த ஃபங்ஷனை யார் கூப்பிடலாம் என்ற இரண்டையும் கண்டுபிடிக்க முடிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

கேள்வி: எதைக் கண்காணிப்பது? பெரிய தொகை நகர்ந்தால் அலர்ட் என்பதை எல்லோருமே செய்துவிட்டார்களே?

பதில்: அந்த எளிய அலர்ட்டையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022 மார்ச் 23-இல் ரோனின் பிரிட்ஜிலிருந்து (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் கொண்டுசெல்லும் பாலம்) 1,73,600 ஈத்தரும் (எத்தீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்புள்ள டோக்கன்) இரண்டே டிரான்சாக்‌ஷனில் போயின. தெரியவந்தது மார்ச் 29-ஆம் தேதி, அதுவும் ஒரு பயனர் 5,000 ஈத்தர் எடுக்க முயன்று முடியாமல் போன பிறகுதான். ஆறு நாள்!

ஆனால் போட்டியில் பெயர் வாங்க, ஒரே ஒரு புரோட்டோகாலை (கான்ட்ராக்டுகளால் இயங்கும் சேவை) எடுத்துக்கொண்டு, அதில் ‘எது ஒருநாளும் மாறக்கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். பிரிட்ஜ் என்றால், அந்தப் பக்கம் அச்சடித்த டோக்கன் இந்தப் பக்கம் பூட்டியதைவிட அதிகமாகக் கூடாது. கடன் தரும் புரோட்டோகால் என்றால், போதிய ஈடில்லாமல் கடன் நிற்கக் கூடாது. ஒரு டிரான்சாக்‌ஷனின் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் நோமாட் பிரிட்ஜை நினைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 19 கோடி டாலரை நூற்றுக்கணக்கான முகவரிகள் சிறிதும் பெரிதுமாக அள்ளிக்கொண்டு போயின. இப்படிப்பட்டதில் பிரிட்ஜின் மொத்த இருப்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கும் பாட்தான் உதவும்.

நிர்வாக ஓட்டெடுப்பையும் விடாதீர்கள். 2022 ஏப்ரல் 17-இல் திருடர் ஃபிளாஷ் லோன் (ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வாங்கித் திருப்பித் தரும் ஈடில்லாக் கடன்) வாங்கி, அதில் கிடைத்த ஓட்டைப் போட்டு, பீன்ஸ்டாக் என்ற புரோட்டோகாலைச் சூறையாடினார். அந்தப் பொல்லாத தீர்மானம் அதற்கு ஒரு நாள் முன்பே செயினில் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது.

கேள்வி: பழைய ஹேக் டிரான்சாக்‌ஷனைக் கொடுத்தால் என் பாட் சரியாகப் பிடிக்கிறது. சாதாரண நாளில் ஓட விட்டால் அலர்ட் மழை. வரம்பை எப்படி வைப்பது?

பதில்: முக்கியமான கேள்வி இதுதான். தினம் நூறு தடவை கத்துகிற பாட்டை மூன்றாம் நாள் யாரோ மியூட் செய்துவிடுவார்கள். ஹேக் நடந்த நாளன்று அது இருந்தும் பயனில்லை.

முதலில், ஒன்றும் நடக்காத நாள்களின் பிளாக் வரிசையை எடுத்து ஃபோர்டா எஸ்டிகேயின் (பாட் எழுதத் தரும் கருவித் தொகுப்பு) ‘ரேஞ்ச்’ கட்டளையில் ஓட விடுங்கள். வந்த அலர்ட்டுகளை ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து காரணம் எழுதுங்கள். பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் வாலட், ஆர்பிட்ராஜ் பாட், அல்லது புரோட்டோகாலின் சொந்தக் கருவூலம். வரம்பை நிலையான டாலர் தொகையாக வைக்காமல், கான்ட்ராக்டின் இருப்பில் இத்தனை சதவீதம் என்று வையுங்கள். இருப்பு பாதியானாலும் வரம்பு தானே இறங்கிவிடும்.

அடுத்து, பலவீனமான அறிகுறிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஃபிளாஷ் லோன் தினமும் நடப்பது. புது கான்ட்ராக்ட் தினமும் வருவது. பணத்தின் தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷிலிருந்து பணம் வந்ததாலேயே யாரும் திருடர் ஆகிவிடுவதில்லை. மூன்றும் ஒரே முகவரியில் சேர்ந்து, அது உங்கள் புரோட்டோகாலையும் தொட்டால் அப்போது ‘ஹை’ போடுங்கள். தனித்தனியாக வந்தால் ‘இன்ஃபோ’வே அதிகம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தெரிந்த முகவரிகளை விலக்கும் பட்டியல் சிறு அலர்ட்டுகளுக்கு மட்டுமே. ரோனினில், பணம் எடுப்பதற்குக் கையெழுத்திடும் ஒன்பது வேலிடேட்டர் சாவிகளில் ஐந்து திருடர் கையில் இருந்தன. கையெழுத்து எல்லாம் செல்லுபடியானவையே. ‘நம்ம ஆள்தான்’ என்று விலக்கும் பாட் அங்கே ஓடியிருந்தாலும் அலர்ட் வந்திருக்காது.

கேள்வி: யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ். நேரடியாக ஓட விட்டால் எதையும் பிடிப்பதில்லை. எங்கே தேடுவது?

பதில்: முதலில் முகவரி எழுத்துகளைப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரிலிருந்து காப்பி செய்த முகவரியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்திருக்கும். எஸ்டிகே தருவது முழுக்கச் சின்ன எழுத்து. இரண்டும் ஒப்பீட்டில் சேரவே சேராது. டெஸ்டில் இரு பக்கமும் நீங்களே எழுதியதால் பாஸ் ஆகியிருக்கும்.

அடுத்தது எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைதான் துல்லியம். ஒரு ஈத்தர் என்பது 1-க்குப் பின் 18 பூஜ்யம் வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு). அதாவது 0.01 ஈத்தர்கூட அந்த எல்லைக்குள் அடங்காது. பிக்இன்ட் பயன்படுத்துங்கள். யுஎஸ்டிசிக்கு 18 அல்ல, 6 தசம இடங்கள். இதில் தவறினால் வரம்பு லட்சம் கோடி மடங்கு விலகும்.

பிறகு பிராக்ஸி, அதாவது வரும் அழைப்பை வேறொரு கான்ட்ராக்டின் கோடுக்கு (இம்ப்ளிமென்டேஷன்) அனுப்பும் முன்வாசல் கான்ட்ராக்ட். ஈவென்ட் வெளிவருவது பிராக்ஸியின் முகவரியிலிருந்து, அதை விளக்கும் ஏபிஐ (ABI, ஃபங்ஷன்-ஈவென்ட் விவரப் பட்டியல்) பின்னாலிருக்கும் இம்ப்ளிமென்டேஷனுடையது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இஆர்சி-20 (சாதாரண டோக்கன்), இஆர்சி-721 (என்எஃப்டி) இரண்டின் டிரான்ஸ்ஃபர் ஈவென்ட்டுக்கும் முதல் டாபிக் (லாகில் தேட உதவும் புலம்) ஒன்றே. 20-இல் மூன்று டாபிக், 721-இல் நான்கு. எண்ணிப் பார்க்காவிட்டால் ஒரு என்எஃப்டியின் வரிசை எண்ணைத் தொகை என்று எடுத்துக்கொண்டு பாட் அலறும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், உள் அழைப்பைச் சந்தேகப்படுங்கள். திருடர் தன் கான்ட்ராக்டைக் கூப்பிடுவார், அது உங்கள் புரோட்டோகாலைக் கூப்பிடும். வெளி அழைப்பை மட்டும் பார்க்கும் கோடுக்கு அது தெரியாது. டிரேஸ் (உள் அழைப்புகளின் பதிவு) வேண்டும், அல்லது ஈவென்ட்டை நம்ப வேண்டும்.

கேள்வி: கடந்த ஒரு மணி நேரத் தகவலை பாட்டின் மெமரியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் அதையே நம்பி இருக்கக் கூடாது. ஒரே பாட் பல நோடுகளில் ஓடும், எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடங்கும். அப்போது மெமரி காலி. தேவையானதைச் செயினிலிருந்தே மீண்டும் கட்டிக்கொள்ளும்படி எழுதுங்கள். பேலன்ஸ் கேட்கும்போது ‘கடைசி பிளாக்’ என்று கேட்காமல் பிளாக் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நோடும் ஒவ்வொரு பதில் சொல்லும்.

கேள்வி: அலர்ட் வருவதற்குள் பணம் போய்விடுமே, பிறகு என்ன பயன்?

பதில்: தாக்குதல் ஒரே டிரான்சாக்‌ஷனில் முடிந்தால் அந்த அலர்ட் தாமதம்தான். பல சமயம் தாக்கும் கான்ட்ராக்டைச் செயினில் போடுவதற்கும் அதை ஓட விடுவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கும். புதிய கான்ட்ராக்டின் பைட்கோடில் (செயினில் இருக்கும் இயந்திரக் கோடு) உங்கள் புரோட்டோகால் முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள். முகவரியை மறைத்து எழுதினால் இது தப்பிவிடும், அதையும் ரீட்மீயில் (பாட்டுடன் தரும் விளக்கக் கோப்பு) சொல்லிவிடுங்கள். மேலும், கான்ட்ராக்டை நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ (pause) வசதி இருந்து, அதை அழுத்த ஆளும் விழித்திருந்தால்தான் அந்த நிமிடங்கள் பயன்படும்.

கேள்வி: சமர்ப்பிக்கும்போது என்னென்ன வைக்க வேண்டும்?

பதில்: ரீட்மீயில் எந்தச் செயின், ஒவ்வொரு அலர்ட் ஐடியும் எப்போது வரும், அதன் தீவிரம், எதைப் பிடிக்காது என்பவை. பிடிக்க வேண்டிய டிரான்சாக்‌ஷன் ஹாஷ் (அதன் அடையாள எண்) சிலவும், பிடிக்கக் கூடாத ஹாஷ் அதைவிட அதிகமாகவும். நடுவர் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான். எஸ்டிகே பதிப்பு போட்டி அறிவிப்பில் சொன்னபடியே இருக்கட்டும். உங்கள் ஆர்பிசி சாவி டாக்கர் இமேஜுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இமேஜை யார் இறக்கினாலும் அது அவர் கைக்குப் போய்விடும்.